நனையாத பூட்ஸ்

பெர்கன், 28 அக்டோபர் 1856

அன்புள்ள தம்பி எய்லர்ட்டுக்கு,

இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். உன் அத்தானுக்கு மட்டும் பெருவிரலில் வாதம். கருவாட்டு வியாபாரம் செய்து செய்து கொன்ராட் கருவாடு மாதிரியே விறைத்து நடக்கிறார். உன் இருமல் எப்படி இருக்கிறது? தேன் கலந்த பால் குடிக்கிறாயா, இல்லை தீர்ப்பு எழுதியே இருமலை அடக்குகிறாயா?

நேற்று உன் நாடகம் அரங்கேறியது. நீ வரவில்லை. "கோர்ட்டு இருக்கிறது, ஃபியோர்டுக் கடலில் காற்று இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். காற்று இல்லாத ஃபியோர்டை நான் பார்த்ததே இல்லை, போகட்டும். விளம்பரத் தாளில் உன் பெயர் இல்லை. கவிதை எழுதினால் பெயர் போடுவாய், கேலி நாடகம் எழுதினால் ஒளிந்துகொள்வாய், மாவட்ட நீதிபதியின் கௌரவம் அப்படி. நானும் யாரிடமும் சொல்லவில்லை. பால்காரியிடமும் பாதிரியார் மனைவியிடமும் ரகசியமாகத்தான் சொன்னேன். நான் ரகசியம் பேசினால் துறைமுகம் வரைக்கும் கேட்கும் என்பது என் குற்றமா?

எய்லர்ட், கொட்டகையே குலுங்கிற்று. பெண்டாட்டி செத்த கிழட்டு விவசாயி எரிக் மறுகல்யாணத்துக்குப் பெண் தேடி அலைவதற்கே சிரித்தார்கள். ஆனால் ராத்திரி அவன் கதவைச் சாத்திவிட்டுச் செத்தவளின் பூட்ஸை எடுத்து, காய வைப்பதுபோல் அடுப்பருகே வைக்கிறானே, "எத்தன வாட்டி சொல்றது, மழையில போகாதேன்னு" என்று அதைத் திட்டுகிறானே, இந்தப் பக்கம் சூடானதும் அந்தப் பக்கம் திருப்பி வைக்கிறானே, அங்கே எனக்குச் சிரித்துச் சிரித்து இடுப்புக் கச்சின் முடிச்சு ஒன்று அறுந்தேபோயிற்று. கொன்ராட்கூட விழித்துக்கொண்டார்.

சிவப்புத் தொப்பியும், பேசுவதற்கு முன் மூன்று தடவை கனைப்பதும் உன் பக்கத்துப் பண்ணை ஹால்வார்த்தானே? கோர்ட்டில் ஊர் சார்பாக உன் பக்கத்தில் உட்காருகிற கிழவர். உன் மனைவி லோவிசாவின் அடக்கத்துக்கு நான் வந்திருந்தபோது எனக்கு வணக்கம் சொல்லவே அவர் மூன்று தடவை கனைத்தார். ஆனால் அந்தப் பூட்ஸை உன் மூளை எங்கிருந்து பிடித்தது?

பூட்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அப்போது லோவிசாவின் துணிமணியையெல்லாம் மூட்டை கட்டி அநாதை விடுதிக்குக் கொடுத்தேன் அல்லவா? அவளுடைய நல்ல பூட்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. எலி கொண்டுபோயிற்று என்றாய். எந்த எலியப்பா லேஸ் கட்டிய பூட்ஸ் போடுகிறது? இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை, புதுத் தோல்.

பதில் போடு. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

சிரித்து இடுப்பு வலிக்கும் உன் அக்கா,
உல்ரிக்கே


ஹெக்விக், 16 நவம்பர் 1856

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை வந்தது, கால்களும் நானும் நலம். அத்தானின் விரலுக்கு என் அனுதாபத்தைச் சொல்லவும்.

இந்த மாதம் கோர்ட்டில் வேலை அதிகம். வேலித் தகராறு, செத்துப்போன ஒரு பசு, தகப்பன் பெயர் சொல்ல மறுக்கும் ஒரு பெண். ஹால்வார்த் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கனைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் சீட்டாட வருகிறார். எங்கள் வீட்டில் வேலை பார்த்த குன்ஹில்ட் இப்போது அவருக்கு மருமகள். மகன் ஜனவரியில் வடக்கே லொஃபோட்டன் மீன்பிடிக்குப் போவானாம்.

நாடகம் பிடித்திருந்ததில் மகிழ்ச்சி. ஒன்று கேட்க வேண்டும். அந்த அடுப்புக் காட்சியில் எல்லோருமே சிரித்தார்களா? கொட்டகையில் சிரிக்காதவர் யாராவது இருந்தார்களா?

மற்றபடி விசேஷம் இல்லை.

உன் தம்பி,
எய்லர்ட்


பெர்கன், 6 டிசம்பர் 1856

அன்புள்ள சந்தேகப் பிராணிக்கு,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். நாடகம் எழுதுகிற உலகத்தில் "சிரிக்காதவர் யார்" என்று விசாரணை நடத்தும் ஒரே ஆள் நீதான். நீதிபதி புத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பிஷப்பின் கொழுந்தியாள் விக்கல் எடுத்துச் சிரித்தாள். மேல்மாடியில் உன் ஊரிலிருந்து விறகுப் படகு கொண்டுவந்த பையன்கள் நாலைந்து பேர். தொப்பியையும் கனைப்பையும் பார்த்ததும் "நம்ம ஹால்வார்த் டோய்" என்று கத்தி, பலகையை உதைத்து அமர்க்களம் பண்ணினார்கள். உனக்குப் பெருமையாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

ஊரில் இப்போது யாராவது மறதியாக ஏதாவது செய்தால் "போய்ப் பூட்ஸத் திருப்பி வை" என்கிறார்கள். எரிக்காக நடிக்கும் ஸ்டூப் வீதியில் போனால் குழந்தைகள் செருப்பைத் தூக்கிக் காட்டுகின்றன. நானே கொன்ராட்டைத் தினமும் அப்படித்தான் எழுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வரச்சொன்னால் வரமாட்டாய். உப்பிட்ட ஆட்டு விலா, ஏலக்காய் ரொட்டி, ஒரு புட்டி மது அனுப்பியிருக்கிறேன். மதுவை ஹால்வார்த்தோடு குடி, தனியாகக் குடிக்காதே.

அக்கா, உல்ரிக்கே


ஹெக்விக், 9 ஜனவரி 1857

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. துறை உறைந்துவிட்டதால் தபால் படகு இரண்டு வாரம் வரவில்லை. ஆட்டு விலா நன்றாக இருந்தது. மது அப்படியே இருக்கிறது. ஹால்வார்த்துக்கு வேலை போலும், கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

ஓர் உதவி. நாடகக் கொட்டகை மேலாளர் உங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்தானே? அந்த அடுப்புக் காட்சியை எடுத்துவிடச் சொல். காரணம் கேட்டால், எழுதியவனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்.

வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எய்லர்ட்


பெர்கன், 24 ஜனவரி 1857

அன்புள்ள எய்லர்ட்டுக்கு,

கொன்ராட் நடக்கிறார், நான் பருக்கிறேன், இதுதான் எங்கள் வீட்டுச் சுகச் செய்தி.

மேலாளரிடம் சொன்னேன். வாயில் வைத்த மீனை விழுங்க மறந்து என்னைப் பார்த்தார். "அம்மா, ஜனங்க வர்றதே அந்தப் பூட்ஸுக்குத்தான். அத எடுத்துட்டா மிச்சம் ரெண்டு மணி நேரம் நாங்க மேடையில என்ன பண்றது?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான் தம்பி. நீ எழுதிய மற்ற பகுதிகளில் ஊர்க்காரர்கள் நிறையப் பேசுகிறார்கள்.

ஊரே கொண்டாடும்போது உனக்கு மட்டும் என்ன கூச்சம்? சின்ன வயதில் பிறந்தநாள் பாட்டுப் பாடினால் மேஜைக்கு அடியில் போய் உட்காருவாய். ஐம்பதை நெருங்குகிறாய், இன்னும் மேஜைக்கு அடியிலேயே இருக்கிறாய். காட்சி இருக்கட்டும். நீ பால் குடி.

உல்ரிக்கே


பெர்கன், 20 பிப்ரவரி 1857

எய்லர்ட்,

உன் கடிதம் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து, இன்று காலை மீன் சந்தைக்குப் போனேன். ஹெக்விக்கிலிருந்து வந்த விறகுப் படகு நின்றது. அதில் இருந்த கிழவனிடம் நீதிபதி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவருக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்காரு. ஹால்வார்த்துதான் பாவம்" என்றான். பிறகு விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

நாடகம் பார்த்த பையன்கள் ஊருக்கு வந்து, கோயில் வாசலில் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார்களாம். கிறிஸ்துமஸ் காலையில் ஹால்வார்த் கதவைத் திறந்தால் வாசல்படியில் கிழிந்த பூட்ஸ் வரிசையாக நின்றதாம். வீட்டுக் கதையை நீதிபதியிடம் போய்ச் சொன்னது குன்ஹில்ட்தான் என்று அவளைக் கைக்குழந்தையோடு மேல்பள்ளத்தாக்கில் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். ஈஸ்டருக்கு மகன் திரும்பிவந்தால் அந்தக் குடும்பம் இரண்டாகிவிடும் என்கிறான். உன்மேல் சமாதான சபையில் பிராதும் கொடுத்திருக்கிறாராம்.

ஹால்வார்த்துக்கு வேலை போலும் என்று எழுதினாயே எனக்கு. நான் அந்தப் பூட்ஸை வைத்துக் கொன்ராட்டை எழுப்பிக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை? உன் அக்கா வாயாடி என்பதாலா?

பதில் எழுது. ஒரு வரியாவது.

உல்ரிக்கே


ஹெக்விக், 3 மார்ச் 1857

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ கேள்விப்பட்டது உண்மை. சபை இந்த மாதம் பதினேழாம் தேதி கூடுகிறது. இருபது வருடமாக என் முன்னால் வருகிற ஒவ்வொருவரையும் "முதலில் சமாதான சபைக்குப் போனாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழக்கை எடுப்பேன். இப்போது நான் போக வேண்டும்.

தொப்பிக்கும் கனைப்புக்கும் அவர் கோபப்படுவது சரி. அவை அவருடையவை, கேட்காமல் எடுத்தேன். ஆனால் குன்ஹில்ட்டை ஏன் துரத்தினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அவள் எதையும் சொல்லவில்லை. தொப்பியும் கனைப்பும் ஊரே பார்ப்பவை. பூட்ஸ் விஷயம் அவர் வீட்டிலிருந்து வந்ததே அல்ல.

அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மகன் வருவதற்குள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இருமல் இல்லை.

எய்லர்ட்


பெர்கன், 11 மார்ச் 1857

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் அக்கா திருடியாகிவிட்டாள், அது தவிர விசேஷம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் மறுபடி இருந்தது. மேலாளர் காட்சியை எடுக்க மாட்டார், சரி, பூட்ஸ் இல்லாமல் என்ன செய்வார் பார்ப்போம் என்று தோன்றியது. ஸ்டூப்புக்குக் கேக் கொண்டுவந்திருக்கிறேன் என்று மேடைக்குப் பின்னால் போனேன். மேடைக்குக் கொண்டுபோகும் பீப்பாய்மேல் பூட்ஸ் இருந்தது. சால்வைக்குள் தள்ளினேன். இந்த உடம்பில் இன்னொரு ஜோடி பூட்ஸ் ஏறினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பருமனுக்கு முதல்முறையாக நன்றி சொன்னேன்.

இடத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தக் காட்சி வந்தது. ஸ்டூப் கதவைச் சாத்தினான், பீப்பாய்ப் பக்கம் போனான், ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு நின்றான். பிறகு, அவன் நல்ல நடிகன் எய்லர்ட், வெறும் கையால் எதையோ எடுத்தான், அடுப்பருகே வெறும் தரையில் வைத்தான். "எத்தன வாட்டி சொல்றது, மழையில போகாதேன்னு" என்றான், தரையைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் இருமினார். ஸ்டூப் குனிந்து, இல்லாத பூட்ஸைத் திருப்பி வைத்தான். எனக்குப் பக்கத்தில் அந்தப் பிஷப்பின் கொழுந்தியாள் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மடியில் அந்தப் பூட்ஸை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை நாள் நாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம்?

அழுவதற்கு யாரும் சீட்டு வாங்குவதில்லை என்று மேலாளர் நாடகத்தையே நிறுத்திவிட்டார். திருடியை இன்னும் தேடுகிறார்கள்.

நீ ஒரு வரி எழுதியிருந்தாய். பூட்ஸ் ஹால்வார்த் வீட்டிலிருந்து வந்ததே அல்ல என்று. அதை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்கப் பயமாக இருக்கிறது. உன் அக்காவுக்குப் பேசப் பயமா என்று சிரிக்காதே.

உல்ரிக்கே


ஹெக்விக், 29 மார்ச் 1857

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்காததற்குப் பதில் எழுதுகிறேன்.

சபை பள்ளிக்கூடத்து அறையில் கூடியது. ஒரு பக்கம் உபதேசியார், இன்னொரு பக்கம் படகு கட்டும் ஊலா, இவர்கள்தான் சபை. வக்கீல் கிடையாது, கதவு சாத்தியாகிவிட்டது, உள்ளே பேசியதை வெளியே யாரும் சாட்சி சொல்லக்கூடாது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். எதிரே ஹால்வார்த், தொப்பி இல்லாமல். அந்தச் சிவப்புத் தொப்பியை அவர் இப்போது போடுவதில்லை.

உபதேசியார் இறகுப் பேனாவைத் தொட்டுக்கொண்டு, என்ன பரிகாரம் வேண்டும் என்றார். ஹால்வார்த் கனைக்கவில்லை. நேராகப் பேசினார்.

"எனக்குப் பணம் வேணாம். மன்னிப்பும் வேணாம். தொப்பியப் பத்திச் சிரிச்சா சிரிக்கட்டும். ஒண்ணு மட்டும் ஐயா சொல்லணும். அந்தப் பூட்ஸ் விஷயத்த உங்களுக்குச் சொன்னது யாரு?"

எனக்கு விளங்கவில்லை. எந்தப் பூட்ஸ் என்றேன்.

"செத்துப்போன என் பொண்டாட்டி பிரித்தாவோட பூட்ஸ். ராத்திரி கதவுக்குத் தாப்பா போட்டப்புறம்தான் எடுத்து வைப்பேன். பையனுக்கே தெரியாது. வீட்ல முழிச்சிருந்தவ குன்ஹில்ட் ஒருத்திதான், புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு. உங்க வீட்ல வேல பாத்தவ. அவதானே சொன்னா? ஆமான்னு சொல்லிடுங்க. எனக்கும் ஒரு முடிவு தெரிஞ்சிடும்."

அக்கா, அதுவரை எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறோம். அவர் போனதும் நான் தாழ் போடுவேன். வீட்டுக்குப் போய் அவரும் தாழ் போட்டிருக்கிறார்.

நான் கற்பனை செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாடகக்காரனுக்கு அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் நம்பியிருக்க மாட்டார், குன்ஹில்ட் அங்கேயே கிடந்திருப்பாள். ஊலாவுக்கு நான் அபராதம் போட்டிருக்கிறேன், உபதேசியாரின் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் சொல்லல, ஹால்வார்த். அது என்னோடது" என்றேன்.

"உங்களோடதுன்னா?"

"லோவிசாவோட பூட்ஸ். எங்க வீட்டு அடுப்புகிட்ட. தினமும் வைக்கிறேன். மழையில போகாதேன்னு திட்டுறதும் நான்தான். எரிக்குக்கு உங்க தொப்பியப் போட்டது, அது நான்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு."

உபதேசியார் பேனாவைக் கீழே வைத்தார். ஊலா எழுந்து ஜன்னலருகே போய், வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஹால்வார்த் கனைத்தார். மூன்று தடவை.

"பிரித்தாவுக்குச் சின்னக் காலு" என்றார். "சீக்கிரம் காஞ்சிடும்."

"லோவிசாவோடது லேஸ் வச்சது. நேரமாகும்" என்றேன்.

"பூட்ஸோட நாக்க வெளிய இழுத்து விடுங்க ஐயா. அப்பத்தான் உள்ள சூடு போகும்."

இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். வருடக்கணக்கில் ஒரு சொட்டு மழை படாத இரண்டு ஜோடி பூட்ஸ் காய எவ்வளவு நேரமாகும் என்று. உபதேசியாருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் "சமாதானம் ஆயிற்று" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

மறுநாள் விடியும்போது ஹால்வார்த் ஒரு மூட்டையோடு மேல்பள்ளத்தாக்குக்கு நடந்து போவதைப் பார்த்தேன். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, இங்கே யாருக்குமே தெரியாது. பிரித்தாவின் பூட்ஸை குன்ஹில்ட்டின் முன்னால் வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே போய் மழையில் நின்றாராம். சாயங்காலம் மூவரும் என் வேலியோரமாகத் திரும்பி வந்தார்கள். குழந்தை கிழவர் தோளில் இருந்தது. குன்ஹில்ட்டுக்குப் பெரிய கால், அந்தச் சின்னப் பூட்ஸில் நொண்டிக்கொண்டே வந்தாள். அவ்வளவு தூரமும் அதைக் கழற்றவில்லை.

ஊலா வெளியே பேசினானா என்று தெரியாது. இந்த வாரம் கோர்ட்டில் இரண்டு பேர் என் காலைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

இன்று ஞாயிறு. ஹால்வார்த் வந்தார். நான் பூட்ஸை ஒளித்து வைக்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். அடுப்பருகே போய் லோவிசாவின் பூட்ஸை மறுபக்கம் திருப்பி வைத்தார். அவர் வீட்டு அடுப்பருகே இப்போது ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "உங்க ஆட்டம்" என்றார்.

அத்தானுக்கு என் அன்பு.

எய்லர்ட்


பெர்கன், 12 ஏப்ரல் 1857

என் தம்பிக்கு,

சுகமா என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன், அந்த வார்த்தையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

லோவிசாவை அடக்கம் செய்து நாலாவது நாளே நான் அவள் அலமாரியைத் திறந்தேன். உனக்கு உதவி என்று நினைத்தேன். கண்ணில் படாமல் இருந்தால் மனசு ஆறும் என்று பாதிரியார் மனைவி சொன்னாள், நானும் நம்பினேன். கவுன், சால்வை, சீப்பு, அவள் பாதி பின்னிய கையுறை எல்லாம் மூட்டை கட்டினேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். உனக்குக் கிடைத்தது அந்தப் பூட்ஸ் ஒன்றுதான். அதையும் என்னிடமிருந்து ஒளிக்க வேண்டியிருந்தது.

வந்தது எலிதான் எய்லர்ட். சால்வை போட்ட எலி.

அநாதை விடுதிக்குப் போய்க் கேட்டேன். எல்லாம் யார் யாருக்கோ போய்விட்டது. அந்தக் கையுறையாவது கிடைக்குமா என்றேன். பாதி பின்னியதை யார் வைத்திருப்பார்கள், பிரித்து நூலாக்கிவிட்டோம் என்றார்கள்.

கொட்டகைப் பூட்ஸ் இன்னும் என் கட்டிலடியில் இருக்கிறது. யாருடையதும் அல்லாத பூட்ஸ். நேற்று நல்ல மழை, எடுத்து அடுப்பருகே வைத்தேன். கொன்ராட் பார்த்தார், யாருக்கு என்று கேட்கவில்லை. "ரொம்பக் கிட்ட வைக்காத, தோல் வெடிச்சிடும்" என்று மட்டும் சொன்னார். முப்பது வருடமாகத் தூங்குமூஞ்சி என்று நான் கேலி செய்யும் மனிதர்.

ஜூனில் உன்னைப் பார்க்க வருகிறேன். வெறுங்கையோடு வருவேன், வெறுங்கையோடு திரும்புவேன். அலமாரிப் பக்கம் போகமாட்டேன். அடுப்பருகே எனக்கு ஒரு நாற்காலி போடு, லோவிசாவின் பூட்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி. ஒரு சாயங்காலமாவது நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அக்கா, உன் வீட்டு எலி,
உல்ரிக்கே